மாதரி என்ன ஆனான்னு யாராச்சும் கேட்டோமா?

திருவிழாவுக்கு சிலப்பதிகார நாடகம் போடலாம்னு நம்ம ரங்கூன் பசங்க பேசிக்கிட்டு இருக்காங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா எப்பப் போட்டாலும் கண்ணகி சிலம்ப உடைக்கிறா, பாண்டியன் விழுறான், மதுரை எரியுது, உடனே திரையப் போட்டுடுறோம். இந்தத் தடவை ஐயை வாயால கதையச் சொல்லுங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன்.

ஐயை யாருன்னு பாதிப்பேருக்கு ஞாபகம் இருக்காது. மதுரையில இருந்த இடைச்சி மாதரியோட மக. கூட வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் நம்பி ஒப்படைச்ச கண்ணகிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, செம்மண் பூசின சின்ன வீட்ட ஒதுக்கிக் குடுத்து, குளிக்க வச்சு, பெத்த மகளையே துணைக்கு விட்டாளே அந்த மாதரி. மறுநாள் கண்ணகி காய் நறுக்குறா, பழக்கமில்லாத கை, விரலெல்லாம் செவந்து போகுது, முகம் வேர்க்குது, பக்கத்துல வைக்கோல வச்சு அடுப்ப மூட்டிக் குடுக்குறது இந்தப் பொண்ணு ஐயைதான். கோவலன் கடைசியா சாப்பிட்டது அந்த அடுப்புச் சோறுதாங்க! அதை வாழையிலையில போட்டப்போ பக்கத்துல நின்னவளுக்கு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையா?

அப்புறம் பால் உறையல, வெண்ணெய் உருகலன்னு மாதரி பயந்து, கை கோத்து ஆடுற குரவைக் கூத்த ஆட வைக்கிறா. ஆடி முடிச்சு வைகைக்கு குளிக்கப் போறா, அதுக்குள்ள கோவலன் கொலையான சேதி வந்துடுது. தன்கிட்ட அடைக்கலமா வந்தவங்களக் காப்பாத்த முடியலையேன்னு மாதரி நடுராத்திரியில தீயில விழுந்து செத்துப் போறா. கண்ணகி ஊர எரிக்கச் சொன்னப்போ பசு, பத்தினி, வயசானவங்க, பிள்ளைங்க எல்லாரையும் விட்டுடுன்னுதான் சொன்னா, மாதரிய அந்தத் தீ தொடவே இல்ல, அவளா தேடிப் போனது வேற தீ. இதையும் இளங்கோவடிகளே எழுதி வச்சிருக்கார், கடைசிப் பகுதியான வஞ்சிக் காண்டத்துல மாடலன்ங்கிற அந்தணர் சொல்றதா ரெண்டு மூணு வரியில வந்துட்டுப் போயிடுது, நாமதான் அதுக்கு முன்னாடியே எழுந்து வீட்டுக்குப் போயிடுறோம்.

பர்மாவுல இருக்குற நமக்கு இது புரியணும். 1942-ல ஜப்பான் சண்டைக்குப் பயந்து எல்லையில இருக்குற தமு ஊர் வழியா மணிப்பூருக்கு நடந்தவங்க கதை எத்தனையோ வீட்டுல இருக்கு, எங்க வீட்டுலயும் இருக்கு. பாட்டி ராத்திரி தங்க இடம் குடுத்து சோறு போட்ட ஒரு பர்மாக்காரம்மாவப் பத்திச் சொல்லும், பேரு மட்டும் தெரியாது, நாங்களும் கேட்டு வைக்கல. அந்தம்மாவுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

அதே வஞ்சிக் காண்டத்து வாழ்த்துக் காதையில ஐயை, கண்ணகியோட தோழி தேவந்தியோட சேர நாட்டுக்கே நடந்து போறா, அம்மா இல்ல, கல்யாணமும் ஆகல. நாடகத்த அங்கருந்து ஆரம்பிங்கப்பா. கண்ணகிக்கு வசனம் கொறஞ்சாலும் பரவால்ல, எழுத ஆள் இல்லன்னா நான் வந்து உக்காந்து எழுதித் தாரேன்.