அடிப்பதற்கு முன்னால் வெளிச்சம்

தற்காப்புக்கு டார்ச் வைத்துக்கொள்வது பற்றிய உங்கள் கட்டுரையில் கனமான அலுமினிய டார்ச்சைப் பாதி ஆயுதம் என்றே எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் 1979-ல் வந்த மேக்லைட் என்ற டார்ச்சை அங்குள்ள போலீஸ்காரர்கள் லத்தி மாதிரி வைத்திருந்தது சரிதான், டி செல் என்கிற தடித்த பேட்டரி நான்கு போட்டால் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். ஆனால் எங்கள் பக்கம் டார்ச் என்றால் ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டார் போட வரப்பில் நடப்பதற்கு. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், அதை அடிக்க வேண்டாம், நாலடி முன்னால் கண்ணில் பட்டால் போதும். இதற்கு தூரத்துப் பனைமரம் வரை பாய்கிற ஒற்றைக்கோட்டு வெளிச்சம் உதவாது, காலடியில் அகலமாக விழ வேண்டும்.

அப்பாவின் மூன்று செல் டார்ச்சை ஒரு மழைக்காலம் முழுக்க எடுக்காமல் விட்டதில் செல் ஒழுகி உள்ளேயே ஒட்டிக்கொண்டது. படிக்கல்லில் தட்டித் தட்டிப் பார்த்தோம், வெள்ளைப் பொடிதான் கொட்டியது. இப்போது 18650 என்கிற, சார்ஜ் போடுகிற லித்தியம் செல் உள்ள சின்ன டார்ச், சட்டைப்பையில் அடங்கிவிடுகிறது.

தற்காப்பு என்றால், இருட்டில் வருகிறவன் முகத்தில் சட்டென்று வெளிச்சம் அடித்தால் கண்ணை மூடுவான், அந்த இரண்டு நொடியில் ஓடிவிடலாம். அதை விட்டுவிட்டு டார்ச்சை ஓங்கப் போய் அவன் பிடுங்கிக்கொண்டால்? அப்புறம் ஒன்று, நாய்க்கு இது எல்லா நேரமும் பலிக்காது, எங்கள் தெரு நாய் டார்ச்சைப் பார்த்தால்தான் அதிகம் குரைக்கிறது.