பஞ்சாபின் சுடுகாட்டுக் கணக்கை கனடாவில் ஏன் கேட்கிறார்கள்?

கனடாவிலோ லண்டனிலோ நாலு சீக்கியர்கள் பதாகை பிடித்து நின்றால் போதும், நம் செய்தி சேனல்களில் ஓடுவது ஒரே சொல்தான்: காலிஸ்தான், அதாவது சீக்கியர்களுக்குத் தனி நாடு. அந்தப் பதாகையில் என்ன எழுதியிருக்கிறது, யாருடைய படம் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பல நேரம் அதில் இருப்பது முப்பது வருடத்துக்கு முன்னால் போலீஸ் கூட்டிக்கொண்டு போய், திரும்பி வராத ஒரு பையனின் பாஸ்போர்ட் சைஸ் படம். அதைப் பிடித்திருப்பவர் அவனுடைய அக்காவாகவோ தம்பியாகவோ இருப்பார். அவர் கேட்பது தனி நாடு இல்லை. "என் தம்பியை என்ன செய்தீர்கள்?" என்பதுதான் அவருடைய கேள்வி.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது இந்திய அரசுக்கு வசதி. காலிஸ்தான் பேசும் சில தலைவர்களுக்கும் அது வசதிதான். செத்தவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தக் குடும்பங்களின் பக்கம் நின்று யாராவது தமிழிலும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

ஜஸ்வந்த் சிங் கால்ராவிலிருந்து தொடங்குகிறேன். அமிர்தசரஸில் கூட்டுறவு வங்கி ஒன்றோடு தொடர்புடைய, குடும்பம் குழந்தைகள் என்று வாழ்ந்த மனிதர். தாத்தா, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து வெளிநாட்டு இந்தியர்கள் தொடங்கிய கெதர் புரட்சி இயக்கத்துக்காரர். காலிஸ்தான் தீவிரவாதத்தை ஒடுக்குகிறோம் என்று போலீஸ் இறங்கியிருந்த காலம் அது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பஞ்சாபில் ஆட்கள் காணாமல் போவது அன்றாடச் செய்தியாக இருந்தது. கால்ராவுக்குத் தெரிந்தவர்களும் காணாமல் போனார்கள். அவர்களைத் தேடிக்கொண்டு போலீஸ் நிலையம், மருத்துவமனை என்று அலைந்தவர் கடைசியில் வந்து நின்ற இடம் சுடுகாடு.

சுடுகாட்டில் ஒரு பதிவேடு இருக்கும் இல்லையா? யார் கொண்டுவந்தார்கள், எத்தனை உடல், எவ்வளவு விறகு என்று நகராட்சி எழுதி வைக்கும். பிணத்தை எரிக்க விறகு வாங்கினால் அதற்குக் காசு தர வேண்டும், காசு தந்தால் கணக்கு எழுத வேண்டும். ஆட்களைக் கொன்ற போலீஸ், "உரிமை கோருவார் இல்லாத உடல்" என்று எழுதிக் கொடுத்து எரித்திருக்கிறது. எரித்ததற்கான விறகுக் கணக்கு நகராட்சி அலுவலகத்தில் அப்படியே கிடந்திருக்கிறது. அமிர்தசரஸின் துர்க்கியானா, பட்டி, தரண் தாரண் என்று மூன்று சுடுகாடுகளின் பதிவுகளை கால்ராவும் அவருடைய தோழர்களும் எடுத்து, 1995 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் முன்னால் வைத்தார்கள். அரசு தன் கையால் எழுதிய கணக்கே அரசுக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றது.

உள்ளூரில் கதவுகள் திறக்காதபோது கால்ரா அதே வருடம் கனடாவுக்குப் போனார். அங்கிருந்த சீக்கியர்களிடமும் அரசியல்வாதிகளிடமும் இந்தக் கணக்கைச் சொன்னார். அங்கேயே தங்கிவிடுங்கள், திரும்பிப் போனால் கொன்றுவிடுவார்கள் என்று பலர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் திரும்பிப் போனார். 1995 செப்டம்பர் 6 அன்று, அமிர்தசரஸில் வீட்டுக்கு வெளியே கார் கழுவிக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடியவரையே காணாமல் ஆக்கினார்கள். சட்டவிரோதக் காவலில் வைத்துச் சித்திரவதை செய்து கொன்று, உடலைக் கால்வாயில் வீசினார்கள் என்பது பிறகு வந்த வழக்கில் தெரிந்தது.

இது ஏதோ வெளிநாட்டு அமைப்பு சொன்ன கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, சிபிஐ விசாரித்த விஷயம். அந்த மூன்று சுடுகாடுகளில் மட்டும் 2,097 உடல்கள் சட்டவிரோதமாக எரிக்கப்பட்டதாக 1996 டிசம்பரில் சிபிஐ அறிக்கை கொடுத்தது. மூன்றே மூன்று சுடுகாடு, அன்றைக்கு ஒரே மாவட்டம். பெரிய அளவில் நடந்த அப்பட்டமான மனித உரிமை மீறல் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அதைத் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் அனுப்பியது. கால்ராவைக் கடத்திய வழக்கில் 2005இல் ஆறு போலீஸ்காரர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அவர்களில் நால்வரின் தண்டனையை 2007இல் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் கூட்டியது. 2011இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கணவரை இழந்த பரம்ஜித் கவுர் பதினாறு வருடம் விடாமல் நடத்திய போராட்டம் அது.

சரி, நீதி கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன கேட்கிறார்கள் என்று ஒருவர் கேட்கலாம். நானும் அந்தக் கேள்வியை நேர்மையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். பதில் அந்த ஆணையத்தில் இருக்கிறது. அது தன் விசாரணையை அந்த மூன்று சுடுகாடுகளோடு நிறுத்திக்கொண்டது. பஞ்சாபின் மற்ற மாவட்டங்களில் எரிந்தவர்களைப் பற்றிக் கேட்க அங்கே இடம் இருக்கவில்லை. எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு எவ்வளவு பணம் தருவது என்பதே பேச்சாக இருந்தது. யார் கொன்றார்கள், யார் உத்தரவு போட்டார்கள் என்ற இடத்துக்கு அது போகவே இல்லை. 1996இல் போன விஷயம் 2012இல் இழப்பீட்டு உத்தரவோடு முடிக்கப்பட்டது. மகனைக் கொன்றது யார் என்று கேட்ட தாய்க்குப் பதிலாகப் பணம் வந்தது.

வெளிநாட்டுக்கு ஏன் போகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை. பஞ்சாபில் கேட்டால் மிரட்டல், நீதிமன்றத்தில் பத்து இருபது வருடம், அதிகாரிமேல் வழக்குப் போட அரசின் அனுமதி வேண்டும், அந்த அனுமதி வராது. அமெரிக்காவில் குடியேறிய சீக்கியர்கள் நடத்தும் என்சாஃப் என்ற அமைப்பு என்ன செய்தது தெரியுமா? கிராமம் கிராமமாக ஆட்களை அனுப்பி, குடும்பங்களை உட்காரவைத்துப் பேசி, 1984 முதல் 1995 வரை கொல்லப்பட்டவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைப் பெயர், ஊர், தேதியோடு பதிவு செய்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். செய்திருக்க வேண்டியது அரசு. செய்தவர்கள் கடல் கடந்து போன பிள்ளைகள். இதைத் தேச விரோதம் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

1984 நவம்பரைப் பற்றி நம்மில் பலருக்குக் கொஞ்சமாவது தெரியும். இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது அரசே ஒப்புக்கொண்ட எண்ணிக்கை. திரிலோக்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி என்று ஏழைகள் வாழ்ந்த குடியிருப்புகள். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடிய கும்பல்கள், மண்ணெண்ணெய், கழுத்தில் டயர். போலீஸ் நின்று பார்த்தது. அரசு அமைத்த குழுக்களும் கமிஷன்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. 2005இல் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் வெட்கித் தலைகுனிவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். ஆனால் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2018 டிசம்பர் வரை ஆனது. முப்பத்து நாலு வருடம்.

அந்தத் தீர்ப்பை எழுதிய அமர்வில் இருந்தவர் நீதிபதி எஸ். முரளிதர். 1984இல் சென்னையில் வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கிய நம் ஊர்க்காரர். அதில் ஓர் இடம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மனித குலத்துக்கு எதிரான குற்றம், இனப்படுகொலை ஆகியவற்றுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை, இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இப்படிப்பட்ட கூட்டுக் கொலைகளில் குற்றவாளிகளுக்கு அரசியல் பாதுகாப்பு கிடைத்து வந்திருக்கிறது என்பதையும் அது ஒளிக்காமல் எழுதியது. டெல்லி உயர் நீதிமன்றமே இதைச் சொன்ன பிறகு, கனடாவின் ஒன்டாரியோ மாநிலச் சட்டமன்றம் 2017இல் அதே 1984ஐ இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டதை மட்டும் அந்நியத் தலையீடு என்று எப்படித் தள்ளுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சமூகம் இந்தியாவை மட்டும் குறிவைத்துக் கேட்கிறது என்பது பொய். 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் வான்கூவர் போன 376 பேரில், பெரும்பாலும் சீக்கியர்கள், சிலரைத் தவிர மற்றவர்களைக் கரையிறங்க விடாமல் கனடா திருப்பி அனுப்பியது. கல்கத்தா பக்கம் வந்து சேர்ந்தவர்கள்மேல் பிரிட்டிஷ் போலீஸ் சுட்டது. அதற்குக் கனடா நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள், 2016இல். பொற்கோயில் மேல் ராணுவம் ஏறுவதற்குச் சில மாதம் முன்பு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒருவர் இந்தியாவுக்கு ஆலோசனை சொன்னார் என்பது 2014இல் வெளியான ஆவணங்களில் தெரிந்தது. அன்றிலிருந்து லண்டனிடம் சுதந்திரமான விசாரணை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குடியேறிய நாட்டையும் விட்டுவைக்காத சமூகம் அது.

இப்போது கஷ்டமான பகுதி. 1985 ஜூன் 23, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம். குண்டு வெடித்து 329 பேர் அட்லாண்டிக் கடலில் விழுந்து செத்தார்கள். அதிகம் பேர் இந்திய வம்சாவளிக் கனடியர்கள், நிறைய குழந்தைகள். சதி தீட்டியவர்கள் கனடாவில் இருந்த சீக்கியத் தீவிரவாதிகள். தண்டனை பெற்றது ஒரே ஒரு ஆள். அந்த வழக்கில் சாட்சி சொல்லியிருக்க வேண்டிய தாரா சிங் ஹேயர் என்ற சீக்கியப் பத்திரிகையாளர் 1998இல் கனடாவின் சர்ரே நகரில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் குடும்பங்களும் நீதி கேட்டு நிற்கிறார்கள். இந்திரா காந்தி கொலையை ஊர்வலத்தில் வண்டி ஜோடித்துக் காட்டுகிறவர்கள் (2023இல் கனடாவின் பிராம்ப்டனில் நடந்தது) கால்ராவின் பெயரைச் சொல்லத் தகுதி இல்லாதவர்கள் என்பது என் கருத்து. கால்ரா துப்பாக்கி தூக்கவில்லை. விறகுக் கணக்கைத்தான் தூக்கிக்கொண்டு போனார். தீவிரவாதிகள் பஞ்சாபில் பேருந்தை நிறுத்தி இந்துக்களைச் சுட்டதும் நடந்தது. அவற்றையெல்லாம் மறைத்துவிட்டுப் பேசினால் இந்தக் கோரிக்கையின் நியாயம்தான் குறையும். புலம்பெயர்ந்த சீக்கிய அமைப்புகள் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒன்றுக்கு ஒன்று கழித்துவிடும் கணக்கு இது இல்லை. குண்டு வைத்தவன் ஒரு குற்றவாளி, அவனைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டியது அரசின் வேலை. அரசே ஆளைப் பிடித்து, விசாரணை இல்லாமல் கொன்று, பெயரில்லாமல் எரித்தால் அந்தக் குடும்பம் யாரிடம் புகார் கொடுக்கும்?

இது பழைய கதை என்றும் ஒதுக்க முடியாது. ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனைச் சேர்ந்த ஜக்தார் சிங் ஜோஹல், கல்யாணத்துக்காகப் பஞ்சாப் வந்தவர், 2017 நவம்பர் 4 அன்று ஜலந்தரில் கடைவீதியில் பிடிக்கப்பட்டார். பஞ்சாபில் நடந்த கொலைகளுக்குப் பணம் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்து வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்பது அவர் தரப்பு. அரசு மறுக்கிறது. அவரைக் காவலில் வைத்திருப்பது சட்ட அடிப்படை இல்லாதது என்று 2022இல் ஐ.நா. பணிக்குழு சொன்னது. 2025 மார்ச்சில் மோகா நீதிமன்றம் ஒரு வழக்கில் அவரை விடுதலை செய்தது, மற்ற வழக்குகளைக் காட்டி அவரைச் சிறையிலேயே வைத்தார்கள். அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஏழு வருடத்துக்கு மேல் ஆகியும் சொல்ல வேண்டிய நீதிமன்றங்கள் சொல்லி முடிக்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. அவருக்காக கிளாஸ்கோ பக்கமும் லண்டனிலும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் சகோதரரைத் தீவிரவாத ஆதரவாளர் என்று எழுதுவது அநியாயம்.

2023 ஜூன் 18, சர்ரே குருத்வாராவின் வண்டி நிறுத்துமிடத்தில் காலிஸ்தான் ஆதரவாளர் ஹர்தீப் சிங் நிஜ்ஜார் கொல்லப்பட்டதும், அதில் இந்திய அரசின் ஏஜென்டுகளுக்குத் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்று அன்றைய கனடாப் பிரதமர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். இந்தியா மறுக்கிறது. இந்தியா நிஜ்ஜாரைத் தீவிரவாதி என்று அறிவித்திருந்தது. நியூயார்க்கில் இன்னொரு சீக்கியரைக் கொல்லச் சதி செய்ததாக அமெரிக்கா 2024 அக்டோபரில் இந்திய உளவு அமைப்பான ராவின் முன்னாள் அதிகாரி ஒருவர்மேலேயே குற்றம் சாட்டியது. நிரூபணம் நீதிமன்றத்தின் வேலை. ஆனால் பஞ்சாபில் போலீஸுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பம் இந்தச் செய்திகளை எந்த மனநிலையில் படிக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஈழத்தில் 2017 முதல் தெருவோரம் பிள்ளைகளின் படத்தோடு உட்கார்ந்திருக்கும் தாய்மாரைப் பற்றிப் பேசும்போது நம் குரல் உயர்கிறது, உயரவும் வேண்டும். அந்தத் தாய்மாருக்காக ஜெனீவா போவது சரி என்றால், தரண் தாரண் தாய்க்காகக் கனடாவின் தலைநகர் ஒட்டாவா போவதும் சரிதான்.

கேட்கிறவை ஒன்றும் பெரியவை இல்லை. அந்த மூன்று சுடுகாடுகளுக்கு வெளியே பஞ்சாபின் மற்ற சுடுகாட்டுப் பதிவேடுகளையும் எடுத்து விசாரிக்க வேண்டும். 1993இல் தரண் தாரணில் ஏழு பேரைப் போலி என்கவுன்டரில் கொன்றதற்கு 2025இல் மொகாலி சிபிஐ நீதிமன்றம் முன்னாள் மூத்த போலீஸ் கண்காணிப்பாளர் (எஸ்எஸ்பி) உட்பட ஐந்து பேருக்கு ஆயுள் கொடுத்தது. முப்பத்திரண்டு வருடம் கழித்தும் நிரூபிக்க முடிகிறது என்றால் மற்றவற்றையும் முடியும். 1997இல் கையெழுத்துப் போட்ட சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தையும், 2007இல் கையெழுத்துப் போட்ட காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான ஒப்பந்தத்தையும் இந்தியா முறைப்படி ஏற்க வேண்டும். ஜோஹல்மேல் உள்ள வழக்குகளை நடத்தி முடிக்க வேண்டும், இல்லையென்றால் அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.