குறைவாகச் சாப்பிட்டால் கொழுப்பு சேருமா?

"கலோரி பார்த்துச் சாப்பிட்டும் எடை நின்றுவிட்டதா? உடல் பட்டினி நிலைக்குப் போய்க் கொழுப்பைச் சேர்க்கிறது, அதிகமாகச் சாப்பிடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர் நடத்திய ஆய்வில் 36 ஆண்கள் 24 வாரம் அரைப்பட்டினி இருந்தார்கள். உடல் செலவிடும் ஆற்றல் நன்றாகவே குறைந்தது, உண்மைதான். ஆனாலும் எடையில் ஏறக்குறைய கால்வாசி இறங்கியது, கொழுப்பும் கரைந்தது.

அப்படியானால் எடை ஏன் நிற்கிறது? எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறையும். 80 கிலோவில் போட்ட கலோரிக் கணக்கு 70 கிலோவுக்குப் பொருந்தாது. அப்புறம், தாளிக்கிற எண்ணெயைப் பலர் கணக்கிலேயே எழுதுவதில்லை. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி. அமெரிக்க அரசின் நீரிழிவு, செரிமான, சிறுநீரக நோய்களுக்கான ஆய்வு நிறுவனமான என்.ஐ.டி.டி.கே.யின் (NIDDK) இணையதளத்தில் உள்ள எடைத் திட்டக் கருவியில் புதுக் கணக்கை இலவசமாகவே போட்டுப் பார்க்கலாம்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். உண்மையாக முயல்கிறவர்களைத்தான் அது குழப்புகிறது.