வாலைப் பார்க்கவா பாந்தவ்கர் புலிக்காடு வரைக்கும் போனேன்?

டிசம்பர் குளிர். விடியவில்லை. தங்கிய இடத்தில் கொடுத்த கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு திறந்த ஜிப்சி ஜீப்பில் ஏறும்போதே கைடிடம் சொல்லிவிட்டேன். எனக்குப் புலி முக்கியமில்லை, காட்டுக்குள் பள்ளிகொண்ட பெருமாள் சிலை இருக்கும் சேஷ சய்யாவில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று. என் அரைகுறை இந்தியில் மூன்று தடவை சொன்னேன். "ஹாங் சார், ஹாங் சார்" என்றார். அந்த ஹாங்கை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

கட்னியில் ரயிலை விட்டு இறங்கி, கார் பிடித்து, மத்தியப் பிரதேசத்தின் உமரியா மாவட்டம் வரைக்கும் நான் போனது புலிக்காக இல்லை. புலி வந்தால் கும்பிட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். தாலா பகுதிக் காட்டுக்கு நடுவில் ஒரு செங்குத்துக் குன்று நிற்கிறது. உச்சியில் பாந்தவ்கர் கோட்டை. இலங்கையிலிருந்து திரும்பிய ராமன் தம்பி லட்சுமணனுக்குக் கொடுத்த கோட்டை என்பது ஊர்க்கதை, பெயரே அதிலிருந்து வந்ததுதான்; பாந்தவ் என்றால் சகோதரன், கர் என்றால் கோட்டை. கதை கிடக்கட்டும். 2022இல் தொல்லியல் துறை இந்தக் காட்டில் ஒரு மாதத்துக்கு மேல் அலைந்து கணக்கெடுத்தது. 1938க்குப் பிறகு அங்கே நடந்த முதல் ஆய்வு அது. 26 குகைகள், 26 கோயில்களும் கோயில் எச்சங்களும், இரண்டு மடங்கள், 24 பிராமிக் கல்வெட்டுகள் என்று பட்டியல் நீண்டது. மதுரா, கோசாம்பி என்றெல்லாம் அந்தக் கல்வெட்டுகளில் ஊர்ப்பெயர் வருகிறது. மாங்குளத்துக் குகையில் பிராமி எழுத்தைத் தடவிப் பார்த்து வளர்ந்த மதுரைக்காரன் நான். செய்தியைப் படித்த அன்றே மனசு அங்கே போய்விட்டது.

கோட்டைக்குள் விட மாட்டார்கள் என்று தெரிந்துதான் போனேன். ஜன்மாஷ்டமி அன்று மட்டும் ராம்ஜானகி கோயிலுக்காக ஜனங்களை மேலே விடுவார்கள். மற்ற நாளில் அது புலியின் வீடு. அதில் எனக்குச் சண்டையே இல்லை. இறங்கி நிற்கலாம் என்று விட்டிருக்கும் சேஷ சய்யாவிலும் நிற்கவிடாமல் அடிக்கிறார்களே, அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது!

ஜிப்சியில் ஆறு பேர். நான், என் மனைவி, மச்சான், அவன் பையன், அப்புறம் வடக்கிலிருந்து வந்த ஒரு புதுஜோடி. கேட்டைத் தாண்டிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, எங்கோ ஒரு புள்ளிமான் கத்தியது. அதற்குப் பெயர் 'கால்' (call), புலி பக்கத்தில் இருக்கிறது என்கிற எச்சரிக்கைக் குரல். கால் வந்துவிட்டால் சரி, வண்டிக்குப் பேய் பிடித்துவிடும். டிரைவர் மிதித்த மிதியில் என் தொப்பி பறந்து சால் மரத்தடியில் விழுந்தது. இறங்கி எடுக்கக் கூடாது, விதி. வேகத்துக்கும் விதி உண்டு என்று எனக்கு ஞாபகம். எந்த விதிக்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று அந்தப் புள்ளிமான்தான் முடிவு செய்கிறது போல.

போய்ச் சேர்ந்தால் அங்கே இருபது வண்டி! வண்டிப் புகை, புழுதி, ஆளாளுக்கு "ஷ்ஷ்ஷ்" என்று சத்தம். நாற்பது நிமிஷம் காத்திருந்தோம். கடைசியில் மூங்கில் புதருக்குள் ஏதோ மஞ்சளாக அசைந்தது. ஒரு வால். சத்தியமாக வால் மட்டும்தான். அதற்கு அந்தப் புதுமணப்பெண் அழுதேவிட்டாள். மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கினான்: "அத்தான், பார்த்தீங்களா, பார்த்தீங்களா!"

போகிற வழியில் கைடு புலிகளின் வம்சாவளி சொல்லிக்கொண்டு வந்தார். சார்ஜர், சீதா, பி2, இன்றைய குட்டிகள் வரை யாருக்கு யார் மகள், யார் யாரை விரட்டிவிட்டு எந்த மலையைப் பிடித்தது, எல்லாம் மனப்பாடம். கெட்டிக்காரர், இல்லை என்று சொல்லவில்லை. பாறையைக் குடைந்த ஒரு அறையைக் காட்டி இது யார் காலம் என்று கேட்டேன். "புரானா, சார். பஹுத் புரானா." குதிரை லாயமாம். முடிந்தது சரித்திரம். அவரையும் குறை சொல்லி என்ன செய்வது? வால் தெரிந்தால் கையில் ஐந்நூறு ரூபாய் தாள் விழுகிறது. அந்தக் காலத்தில் இங்கே ஆண்ட கலசூரி அரசன் யுவராஜதேவன் பெயரைச் சொன்னால் யார் கொடுக்கிறார்கள்?

ஒருவழியாகச் சேஷ சய்யாவுக்கு வந்தபோது கேட்டு மூடப் போகிறார்கள் என்று டிரைவர் கடிகாரத்தைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். பத்தாம் நூற்றாண்டுச் சிற்பம். ஏறக்குறைய ஒரு பேருந்து நீளத்துக்கு, பாறையோடு பாறையாகப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். தலைமேல் ஏழு தலை நாகம். உடம்பெல்லாம் பச்சைப் பாசி. மேலே கூரையில்லை, கோபுரமில்லை, அர்ச்சகர் இல்லை. மரத்திலிருந்து இலை விழுந்தால் நேராக அவர் மேல்தான் விழுகிறது. காலடியில் ஊறும் தண்ணீர்தான் சரணகங்கை என்ற ஓடையாகத் தாலா வரைக்கும் இறங்குகிறது. ஸ்ரீரங்கத்தில் வரிசையில் நசுங்கி எட்டிப் பார்த்துப் பழகியவனுக்கு, ஆளில்லாத காட்டில் இப்படி ஒரு சயனக் கோலத்தின் முன் போய் நின்றால் எப்படி இருக்கும், சொல்லுங்கள். பேச்சே வரவில்லை.

மூன்று நிமிஷம். கணக்குப் பார்த்துச் சொல்கிறேன், மூன்றே நிமிஷம். கீழே ஹாரன். காட்டுக்குள் ஹாரன் அடிக்கலாமா? புலிக்கு ஷ்ஷ்ஷ், பெருமாளுக்கு ஹாரன்! புதுமாப்பிள்ளை வண்டியைவிட்டு இறங்கவே இல்லை, புலி வீடியோவைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் படியிலிருந்தே கூப்பிட்டான்: "அத்தான், வாங்க. கல்லை நம்ம ஊர்லயே பார்த்துக்கலாம். எங்க போகுது?"

எங்கே போகிறதா? ஆயிரம் வருஷமாக அது அங்கேயேதான் இருக்கிறது. போய்ச் சேர முடியாதவன் நான்தானடா! ரயில் டிக்கெட், பர்மிட், ஜிப்சி, கைடு என்று கொட்டிக் கொடுத்த பணத்தில் என் பங்குக்கு வந்தது மூன்று நிமிஷம். வாலுக்கு நாற்பது.

ஊருக்கு வந்தும் விடவில்லை. மாமியார் கேட்கிறார், அலுவலகத்தில் கேட்கிறார்கள், பால்காரர்கூடக் கேட்கிறார்: "புலி பார்த்தீங்களா சார்?" வால் பார்த்தேன் என்றால் பரிதாபப்படுகிறார்கள். சிலையைப் பற்றி ஆரம்பித்தால் பேச்சை மாற்றுகிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சான் போட்ட மூங்கில் வீடியோவுக்கு இதுவரை முப்பத்தேழு இதயம். நான் போட்ட படத்துக்கு என் மனைவி மட்டும் ஒரு கைகூப்பல். அந்தப் படத்தையும் ஹாரன் சத்தத்தில் திரும்பிக்கொண்டே எடுத்தேன். நாகம் இருக்கிறது, முகம் இருக்கிறது, இடுப்போடு நின்றுவிட்டது. ஓடை பிறக்கிற அந்தப் பாதம் படத்தில் இல்லை.

பிப்ரவரிக்கு மறுபடி டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழு ஜிப்சியும் என் பெயரில். மச்சானிடம் யாரும் மூச்சுவிட வேண்டாம்.