ஈயின் காலில் எலிக் கண்ணா?

"எலி மரபணுவை ஈக்குள் வைத்தார்கள், காலில் எலிக் கண் முளைத்தது" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதிதான் நிஜம். 1995இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங் குழுவினர் எலியின் பாக்ஸ்6 மரபணுவைப் பழ ஈயின் கால், இறக்கைப் பகுதிகளில் இயக்கிப் பார்த்தார்கள். கண்ணும் முளைத்தது. ஆனால் முளைத்தது ஈக் கண்: சிவப்பாக, தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகளோடு.

பாக்ஸ்6 "இங்கே கண் கட்டு" என்று ஏவும் மேஸ்திரி மட்டுமே. சரி, கட்டுவது யார்? ஈயின் சொந்த மரபணுக்கள். (மேஸ்திரிக்கும் கூட்டாளி மரபணுக்கள் சில வேண்டும்.)

மனிதக் கருவிலும் பாக்ஸ்6 உண்டு. அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே, கண்மணியைச் சுற்றியிருக்கும் நிற வளையம் சரியாக உருவாகாமல் குழந்தை பிறக்கலாம்.