டைரி போட்டியா?

அக்கா: குமட்டுதுன்னு புலம்பினியே, ஒரு வாரம் டைரி போடச் சொன்னேனே, போட்டியா?

தம்பி: விடாம போட்டேன்க்கா. காலையில ரெண்டு டம்ளர் பால், மத்தியானம் சீஸ், ராத்திரி ஐஸ்கிரீம். குமட்டல் முன்னைவிட ஜோரா வருது.

அக்கா: எதுக்குடா பால்?

தம்பி: ஃபோன்ல நீதானே டைரின்னே? பால் பாக்கெட்ல அதுதானே கொட்டை எழுத்துல போட்டிருக்கு.

அக்கா: நோட்டுல எழுதுற டைரிடா! எத்தனை மணிக்கு, என்ன, எவ்வளவு சாப்பிட்டே, எவ்வளவு நேரம் கழிச்சுக் குமட்டிச்சுன்னு எழுதுறது!

தம்பி: நானும் யோசிச்சேன், வைத்தியம் இவ்வளவு ருசியா இருக்காதேன்னு.

அக்கா: சரி, பால் குடிச்சு எவ்வளவு நேரத்துல வந்துச்சு?

தம்பி: ஒரு மணி நேரம் இருக்கும். வயிறு உப்பி, கடமுடன்னு சத்தம் வேற.

அக்கா: அரை மணியிலேருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள அப்படி வந்தா, பால்ல இருக்கிற லாக்டோஸ்ங்கிற சர்க்கரை உனக்குச் செரிக்காம இருக்கலாம். ரெண்டு வாரம் பாலை நிறுத்திப் பாரு. ஆனா நீ புலம்ப ஆரம்பிச்சது இந்தப் பால் கூத்துக்கு முந்தி. அப்ப காலையில என்ன சாப்பிட்டே?

தம்பி: ஒண்ணுமே சாப்பிடலைக்கா. வைத்தியம் மட்டும்தான். எழுந்ததும் இஞ்சிச் சாறு, பின்னாடியே எலுமிச்சை, அதுக்கு மேல வினிகர், கடைசியா புதினா. எல்லாம் வெறும் வயித்துல.

அக்கா: அடப்பாவி, அது வயிறா, ஊறுகாய் ஜாடியா? இஞ்சி எவ்வளவு?

தம்பி: நீ சொன்ன அதே கட்டைவிரல் அளவு.

அக்கா: கட்டைவிரல் நகத்தளவுன்னேன்!

தம்பி: விரல் வரைக்கும்தான் காதுல விழுந்துச்சு. கூடிப்போனா என்ன, இயற்கைதானே?

அக்கா: கொசுவும் இயற்கைதான். இஞ்சி குமட்டலுக்குக் கேக்கும், மறுக்கல. நகத்தளவு ரெண்டு மூணு சீவல், கொதிச்ச தண்ணியில போட்டு பத்து நிமிஷம் மூடி வெச்சு, வடிகட்டி, மடக்கு மடக்காக் குடி. சுக்குப் பொடின்னா அரை டீஸ்பூனே கிட்டத்தட்ட 1 கிராம், ஒரு நாளைக்கு அது போதும். மீறினா நெஞ்சு எரியும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தினமும் எடுக்கக்கூடாது.

தம்பி: மடக்கு மடக்காவா? நான் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மூச்சுல இறக்கிடுவேன்.

அக்கா: அதான் அதே வேகத்துல திரும்பி வருது.

தம்பி: புதினாவாவது விட்டுவைக்கா. இயற்கைதானே?

அக்கா: இடியும் இயற்கைதான். இரைப்பைக்கு மேல ஒரு வால்வு இருக்கு, புதினா அதைத் தளர்த்திவிடும். உனக்குத்தான் சாப்பிட்டதும் எதுக்களிக்குமே, அமிலம் நேரா தொண்டைக்கு வரும். எண்ணெய்ப் பண்டத்தைத் தின்னுட்டு உடனே படுக்குற வழக்கம் போச்சா?

தம்பி: படுக்கிறதில்லக்கா. சாய்ஞ்சுக்கிறேன்.

அக்கா: கொழுப்பு வயித்தைவிட்டு இறங்கவே நேரமாகும். சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரமாவது நிமிர்ந்து இரு. வேற என்ன உள்ள போகுது?

தம்பி: வேற ஒண்ணுமில்ல. அந்தச் சத்து மாத்திரை மட்டும். அது சாப்பாட்டுக் கணக்குல வராதே.

அக்கா: இரும்புச் சத்தா?

தம்பி: இரும்பு, துத்தநாகம் எல்லாம் ஒரே மாத்திரையில. காபியோட.

அக்கா: வெறும் வயித்துலயா?

தம்பி: உடம்புல நல்லா ஒட்டுமாமே!

அக்கா: இரும்பு வெறும் வயித்துல நல்லா ஒட்டும், நிஜம்தான். ஆனா குமட்டலையும் சேர்த்துக் கிளப்பும். துத்தநாகமும் அப்படியே. இதுல காபி வேற இரும்பை ஒட்டவிடாது. ஒட்டுறதும் போச்சு, குமட்டல் மட்டும் மிச்சம். ஏதாவது சாப்பிட்டுட்டு தண்ணியில போடு, காபியை ரெண்டு மணி நேரம் தள்ளிவை.

தம்பி: அஞ்சு பேர்கிட்ட கேட்டேன்க்கா, ஒருத்தர்கூட மாத்திரையைப் பத்திப் பேசலையே.

அக்கா: எதைக் குடிக்கணும்னு அஞ்சு பேரும் சொன்னாங்க. எதை விடணும்னு யாராவது சொன்னாங்களா? விடச் சொன்னா வைத்தியம் மாதிரியே தெரியாதே. சேர்க்கச் சொன்னாத்தானே பெரிய மனுஷன்!

தம்பி: சரி, எல்லாத்தையும் நிறுத்திட்டேன். அப்பவும் போகலைன்னா?

அக்கா: டாக்டரைப் பாரு. வாந்தி ரத்தமா வந்தாலோ, காபித்தூள் மாதிரி வந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணிகூடத் தங்கலைன்னாலோ உடனே ஓடு. உடம்பு காரணமில்லாம இளைச்சாலும் தள்ளிப்போடாதே. அங்க போய் 'இயற்கைதானே'ன்னு ஆரம்பிக்காதே. இந்தா நோட்டு, இப்பவே எழுது.

தம்பி: எழுதுறேன். காலை 7 மணி. அக்காகிட்ட திட்டு, அளவு சரியாத் தெரியல. வெறும் வயித்துல.

அக்கா: எத்தனை நிமிஷத்துல குமட்டிச்சுன்னும் எழுதுடா.