அறிவியலில் ஓட்டுக் கணக்கு கிடையாது

அண்ணே, ‘கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மன் விஞ்ஞானி வெகெனர் 1912லேயே சொன்னார், விஞ்ஞானிகள் அமுக்கிவிட்டார்கள், பெரும்பான்மை மாறியதும் ஏற்றுக்கொண்டார்கள், அறிவியலும் ஓட்டுதான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது சரி, மீதி தவறு. புதைபடிவம், பாறை என்று அவரிடம் நல்ல சான்று இருந்தது, ஆனால் கண்டங்களை நகர்த்தும் விசை என்று அவர் காட்டியது கணக்குப் போட்டால் துளியும் போதவில்லை. பிரிட்டிஷ் புவி இயற்பியலாளர் ஜெஃப்ரீஸ் எதிர்த்தது அதனால்தான் (பிடிவாதமும் இருந்தது, மறுக்கவில்லை). 1963இல் வைன், மேத்யூஸ் என்ற இரு புவி விஞ்ஞானிகள் ஒன்று சொன்னார்கள்: கடலடி மலைத்தொடரில் புதுப் பாறை உருவாகி இருபுறமும் விலகிப் போகிறது, பூமியின் காந்தத் திசை அவ்வப்போது தலைகீழாகிறது, பாறை குளிரும்போது அன்றைய திசை அதில் பதிந்துவிடுகிறது. அது உண்மையென்றால் மலைத்தொடரின் இருபுறமும் அந்தக் காந்தப் பதிவுகள் பட்டை பட்டையாக, ஒரே வரிசையில் இருக்க வேண்டும். 1966 வாக்கில் கிடைத்த அளவீடு அப்படியே பொருந்தியது. பலர் மனம் மாறியது அதற்கப்புறம்தான்.

நம்ம ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தையே பாருங்கள், ஒரு வயலில் நன்றாக விளைந்துவிட்டது என்பதற்காகப் புது நெல் ரகத்தை வெளியிடுவதில்லை, பழைய ரகத்தின் பக்கத்திலேயே, எந்தப் பாத்தியில் எது என்பதைக் குலுக்கிப் போட்டு, திரும்பத் திரும்ப, பிறகு வேறு ஊர்களிலும் பயிரிட்டுப் பார்க்கிறார்கள், மண் செய்த வேலையை விதையின் பேரில் எழுதிவிடக் கூடாது என்று. அங்கே யாரையும் கைதூக்கச் சொல்வதில்லை.